கண்ணும் காமிராவும்

கொல்லன் உலையிலிட்ட இரும்பு முதற்கண் செந்நிறம் கொள்ளும். வெப்பம் மிகுந்தோறும் மஞ்சளாகிப் பின் வெண்மை எய்தும். இவ்வியல்பு பற்றியே ஒளியின் நிறத்தையும் வெப்பநிலையால் அளந்து, கெல்வின் என்னும் அலகாற் குறிப்பர். மெழுகுவத்தியின் சுடர் ஏறத்தாழ 1,900 கெல்வின். படப்பிடிப்புக்குரிய டங்ஸ்டன் விளக்கு 3,200. நண்பகல் வெயில் ஏறத்தாழ 5,600. எண் குறைந்த ஒளியில் செம்மஞ்சளும், மிகுந்த ஒளியில் நீலமும் மேலோங்கும்.

விளக்கொளியிலும் வெயிலிலும் வெள்ளாடை கண்ணுக்கு வெண்மையாகவே தோன்றும். வேறுபாட்டை மூளை தானே ஈடுசெய்துவிடும். வெயிலுக்கென அமைத்த காமிராவோ, விளக்கொளியில் அவ்வாடையை மஞ்சளாக்கும். முகத்தின் இயல்பான நிறத்தையும் பொய்யாக்கும். ஆதலின் தேர்ந்த ஒளிப்பதிவாளர், படம் எடுக்குமுன் அவ்விடத்து ஒளியில் வெள்ளைத்தாள் ஒன்றைக் காட்டி, வெண்மை இன்னதெனக் கருவிக்கு உணர்த்துவர். கண் மறைக்கும் வேறுபாட்டைக் கருத்தால் அறிதலே அவர்தம் கலையின் முதற்பாடம்.