இரண்டாவது சுற்று

பிள்ளையார்பாளையத்தில் காலையில் தெருவில் பாவு நீட்டிவிட்டால் அப்புறம் அந்தப் பக்கம் யாரும் ஓட முடியாது. அதனால் அந்தப் பெண் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவாள். அப்போது ஒன்பதாம் வகுப்பு. அப்பாவுக்குப் பட்டுத்தறி. கோர்வைப் புடவை என்றால் அம்மா எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். மகள் மட்டும்தான் வீட்டில் நிற்காமல் ஓடுகிறவள்.

அவள் ஓடுவது 800 மீட்டர். மைதானத்தை இரண்டு முறை சுற்றி வந்தால் முடிந்தது. ஆனால் அந்த இரண்டு சுற்றை வைத்து அந்த வீட்டில் ஒரு வருஷம் வழக்கு நடந்தது.

ஒரு பக்கம் பள்ளியின் பி.டி. சார். கல்லூரி நாட்களில் 100, 200 ஓடியவர். அந்தப் பெண் 400 மீட்டரை 62 விநாடியில் ஓடியதைப் பார்த்ததும் அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. "பொண்ணுகிட்ட வேகம் இருக்கு. முதல் சுற்றுல யாரையும் கிட்ட சேர்க்கக் கூடாது. மத்தது தானா வரும்" என்பார்.

இன்னொரு பக்கம் சித்தப்பா. இப்போது காந்தி ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளர். ஒரு காலத்தில் போலீஸ் தேர்வுக்காக 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட இரண்டு வருஷம் உழைத்தவர். ஓட்டத்தில் தேறினார், கடைசிப் பட்டியலில் பெயர் வரவில்லை. "வேகம் எல்லாம் நூறு மீட்டருக்குத்தாண்ணா. இதுக்குத் தம் வேணும். தினம் செவிலிமேடு பாலாத்துப் பாலம் வரைக்கும் ஓடிட்டு வரட்டும்" என்று அண்ணனிடம் ஒற்றைக்காலில் நின்றார்.

பாவம், அவள் இரண்டு பேருக்கும் நல்ல பிள்ளையாக இருந்தாள். காலையில் சித்தப்பாவுக்காகப் பாலம் வரை. மாலையில் சாருக்காகப் பத்து முறை 150 மீட்டர்ப் பாய்ச்சல். குறுவட்டப் போட்டியில் முதல் சுற்று முழுக்க அவள்தான் முன்னால். 600 மீட்டரில் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி ஆகிவிட்டது. மூன்று பேர் தாண்டிப் போனார்கள். நாலாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் புல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை யாரும் வாய் திறக்கவில்லை.

அன்று இரவு அம்மா ஒன்று சொன்னார்: "அடுத்த வருஷம் பத்தாவது. இன்னும் ஒரு தடவை ஓடட்டும். அதுலயும் இப்படின்னா போதும், படிக்கட்டும்." அதில் நியாயம் இருந்தது. மாவட்ட அளவில் ஒரு சான்றிதழ் கையில் இருந்தால் பதினோராம் வகுப்புக்கு அரசு விளையாட்டு விடுதித் தேர்வுக்குத் தைரியமாகப் போகலாம். இல்லாவிட்டால் அந்த வாசல் கிட்டத்தட்ட மூடிவிடும்.

இந்த வழக்கு பிள்ளையார்பாளையத்தில் மட்டும் நடப்பதல்ல. உலகம் முழுக்க நடக்கிறது, இரண்டு கட்சிக்கும் ஒலிம்பிக் தங்கமே சாட்சி. 1976 மாண்ட்ரியலில் கியூபாவின் ஆல்பெர்டோ ஹுவாந்தொரெனா 400, 800 இரண்டையும் வென்றார். சுத்தமான 400 மீட்டர்க்காரர். நியூசிலாந்தின் பீட்டர் ஸ்னெல் 1960-லும் 1964-லும் 800-ல் தங்கம் வாங்கினார். அவருடைய பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் அவரை மாரத்தான்காரர் மாதிரி வாரத்துக்கு 160 கிலோமீட்டர் ஓடவிட்டவர்.

நம் நாட்டிலும் அப்படித்தான். ஷைனி வில்சன் 1986 சியோல் ஆசியப் போட்டியில் 400-ல் வெள்ளி வாங்கிய வேகக்காரி. அதே போட்டியில் 800-ல் முன்னணியில் ஓடி, தடம் மாறிய தவறுக்காகத் தகுதி இழந்தார். அவருடைய தேசியச் சாதனையை 2010-ல் முறியடித்த டின்டு லூக்கா, முன்னால் பறந்து கடைசி நூறு மீட்டரில் பிடிபடுவதைப் பார்த்துப் பதறாத ரசிகர் இல்லை. நம் புதுக்கோட்டை சாந்தி 1500, 3000 என்று நீண்ட தூரமும் ஓடியவர். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800-ல் வெள்ளி. பாலினப் பரிசோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்தது வேறு கதை. இன்னும் ஆறாத கதை.

2018 ஜகார்த்தாவில் இரண்டு கட்சியும் நேருக்கு நேராகவே மோதின. ஜின்சன் ஜான்சன் 1500-க்காரர். ஸ்ரீராம் சிங் மாண்ட்ரியலில் ஓடிய நேரத்தை 42 வருஷம் கழித்து அப்போதுதான் முறியடித்திருந்தார். 800-ல் அவர்தான் வெல்வார் என்று எல்லோரும் இருக்க, மன்ஜித் சிங் கடைசி நீட்டத்தில் பின்னாலிருந்து வந்து தங்கத்தைத் தட்டிப் போனார். சில நாளில் ஜின்சன் 1500-ல் தங்கம் வென்று கணக்கை நேர் செய்துகொண்டார்.

மன்ஜித் கடைசியில் வேகம் கூட்டிய மாதிரி நமக்குத் தெரியும். பெரும்பாலும் அது கண்ணின் ஏமாற்று. 800-ல் கடைசி நூறு மீட்டரில் எல்லோருமே மெதுவாகிக்கொண்டுதான் இருப்பார்கள். குறைவாக மெதுவாகிறவர் ஜெயிக்கிறார். 2012 லண்டனில் டேவிட் ருடிஷா 1 நிமிடம் 40.91 விநாடியில் உலக சாதனை படைத்தபோது முதல் சுற்று 49.28. இரண்டாவது 51.63. அவருக்கே அப்படி.

இந்த ஓட்டத்துக்கு உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மூச்சுக்காற்றிலிருந்து வருகிறது. மீதி, காற்று வந்து சேருமுன் தசை தன் கையிருப்பிலிருந்து எடுப்பது. ஆக சித்தப்பாவுக்குப் பங்கு கொஞ்சம் அதிகம். ஆனால் சாரைத் தள்ளிவிட முடியாது. 400-ஐ 62-ல் ஓடுகிறவளுக்கு முதல் சுற்றை 68-ல் ஓடுவது உலா மாதிரி. 67-க்கு மேல் வேகமே இல்லாதவளுக்கு அதுவே உயிர் போகிற ஓட்டம்.

வழக்கைத் திருப்பியது அப்பா. அவருக்கு ஓட்டம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று அறுந்தாலும் கண்டுபிடிக்கிற கண். சித்தப்பா போனில் எடுத்திருந்த வீடியோவை நாலைந்து இரவு நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஜரிகைக் கணக்கு எழுதும் நோட்டில் நாலு எண் எழுதினார்: 31, 35, 39, 40. ஒவ்வொரு 200 மீட்டருக்கும் ஆன விநாடி. கூட்டினால் 2 நிமிடம் 25.

நோட்டைப் பார்த்த சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பயிற்சியாளர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. 400 நேரத்தை இரட்டிப்பாக்கி 800 நேரத்தோடு ஒப்பிட வேண்டும். இடைவெளி பத்து, பன்னிரண்டு விநாடி என்றால் தம் போதும், வேகம்தான் கூட்ட வேண்டும். இவளுக்கு 21. "வேகத்தை நான் ரொம்ப நம்பிட்டேன்" என்று சாரே சொன்னார். ஜெயித்துவிட்ட முகத்தோடு சித்தப்பா நிமிர்ந்தார்.

அவர் கட்சியும் முழுசாக ஜெயிக்கவில்லை. மாடிப்படி ஏறினாலே மகளுக்கு மூச்சு வாங்குவதை அம்மா கவனித்து வைத்திருந்தார். அரசு மருத்துவமனையில் ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 9-தான். அந்த வயதுப் பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். காற்றைத் தசைக்குச் சுமந்து போவதே அதுதானே! பாலம் வரை ஓடினால் என்ன, பம்பாய் வரை ஓடினால் என்ன? பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை, வயிறு பிரட்டுகிறது என்று அவள் மாதக்கணக்கில் பைக்குள் போட்டு வைத்திருந்தாள். ஜாமெட்ரி பாக்ஸில் பதினொன்று கிடைத்தது. இவ்வளவு நாள் வேகமா, தம்மா என்று கத்திய ஆண்கள் மூவருக்கும் இது தோன்றவே இல்லை.

அப்புறம் டாக்டர் எழுதிய மாத்திரை, சாப்பாட்டோடு டீ கிடையாது, முருங்கைக்கீரை, நெல்லிக்காய். பயிற்சியும் பாதியாகக் குறைந்தது. வாரம் மூன்று நாள் நிதான ஓட்டம், ஒரு நாள் 300 மீட்டர் நாலு தடவை, ஒரு நாள் மட்டும் பாய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. ஓய்வுக்குத்தான் சித்தப்பா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வருஷக் குறுவட்டத்தில் முதல் சுற்று முடிந்தபோது அவள் ஐந்தாவது. சார் வாயில் விசிலைக் கடித்துக்கொண்டு நின்றார். 600-ல் மூன்றாவது. கடைசி வளைவில் ஒருத்தியைத் தாண்டினாள். முதலில் போன பெண்ணைப் பிடிக்க முடியவில்லை. இரண்டாவது இடம், மாவட்டப் போட்டிக்குத் தகுதி.

"பாத்தீங்களா, கடைசில அந்த வேகம்!" என்றார் சார். "தம் சார், தம்!" என்றார் சித்தப்பா. அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டி, காலையில் மாத்திரை போட்டாளா என்று கேட்டார்.

அப்பா நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். 33, 35, 36, 36. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். 2 நிமிடம் 20. வெள்ளிக்கிழமைக்குள் அறுத்துக் கொடுக்க வேண்டிய புடவை ஒன்று தறியில் பாதியில் நின்றது. நோட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.