அருகிலிருக்கும் தொலைவு



சென்னையிலிருந்து மதுரைக்கு வான்வழித் தூரம் சுமார் 415 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலிக்கோ ஏறத்தாழ 355 மட்டுமே. சிறிய விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். ஆயினும் நெடுங்காலம் நேரடிச் சேவை இல்லாததால், தெற்கே கொழும்புவரை பறந்து, அங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தரைவழியே வடக்கு நோக்கித் திரும்ப வேண்டியிருந்தது.

எங்கள் சபையிலுள்ள யாழ்ப்பாணத்துத் தாயார் ஒருவர், தம் தமக்கையின் அடக்கத்திற்கு அவ்வழியே புறப்பட்டார். சென்று சேர்ந்தபோது கல்லறை மூடப்பட்டிருந்தது. "அக்கா கிட்டத்தானே இருந்தவ, ஐயா" என்று மட்டும் பின்னர் என்னிடம் சொன்னார்.

2019 நவம்பரில் சென்னை–பலாலி விமானச் சேவை தொடங்கியது. இடையிலுள்ள கடல் ஓர் அடியும் சுருங்கவில்லை. வழி திறந்தது, அவ்வளவே.

அன்பானவர்களே, உடன்பிறந்தோரிடையே பேச்சு நின்றுபோன வீடுகள் நம் நடுவிலும் உண்டு. அடுத்த தெருவில் இருப்பவருக்கு, ஊரைச் சுற்றி மூன்றாம் மனிதர் மூலம் செய்தி அனுப்புகிறோம். அத்தாயாருக்கு அன்று நேர்வழி இல்லை, நமக்கோ இருக்கிறது. அடக்கத்திற்குச் செல்லும் நாள்வரை காத்திராமல், இவ்வாரமே புறப்படுங்கள்.