நீர் செல்லும் வழியும் வழிதான்

உத்திரமேரூர்ப் பகுதியில் நவரை நெல் கதிர்விடும் நாட்களில் ஏரி நீர் மதகுக்குக் கீழே இறங்கிவிடுவது உண்டு. அப்போது கரையில் ஆயில் எஞ்சினை நிறுத்தி இறைப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை. உறிஞ்சுகுழாயின் நுனியில், நீருக்குள் கண்ணில் படாமல் கிடக்கும் புட்வால்வின் சல்லடையை நம்பியே அந்த எஞ்சின் ஓடுகிறது.

நீரால் குளிரும் எஞ்சின்களில், பம்பு இறைக்கும் நீரிலிருந்தே ஒரு சிறு குழாய் பிரிந்து சிலிண்டரைச் சூழ்ந்து சென்று, சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே கொட்டுகிறது. சல்லடையைப் பாசியோ ஆகாயத்தாமரை வேரோ பாலித்தீன் பையோ மூடினால், வயலுக்குப் பாயும் நீர் முதலில் மெலியும்; பிறகு அந்தச் சிறு குழாயும் வற்றும். எஞ்சினோ ஓடிக்கொண்டே இருக்கும். பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரில் இறுகிவிட்டால், அந்தப் போகத்தின் வருமானம் பட்டறைக்குப் போய்விடும்.

ஆகவே புட்வால்வைச் சேற்றில் படியவிடாமல் ஓர் அடி உயரத்தில் தொங்கவிட்டு, மூங்கில் கூடைக்குள் வைத்துச் சுற்றிலும் நைலான் வலை கட்டுகிறோம். கூடையின் பரப்பு பெரிது. ஒரு பக்கம் தழை அடைத்தாலும் மறுபக்கம் நீர் நுழையும். அவ்வப்போது சிறு குழாயின் நீரில் கைவைத்துப் பார்ப்போம். கை பொறுக்காத சூடு என்றால் நிறுத்திவிட வேண்டும். கொதிக்கும் எஞ்சின்மேல் உடனே குளிர்ந்த நீரை ஊற்றுவோர் இன்னும் இருக்கிறார்கள்; வார்ப்பிரும்பு விரிசல்விட அது போதும்.

ஈமானின் எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகளுள் மிகத் தாழ்ந்தது பாதையில் தொல்லை தருவதை அகற்றுவது என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை நாம் அறிவோம். பாதை என்பது மனிதர் நடக்கும் தெரு மட்டுமா? வரத்துக்கால்வாயில் வீசப்படும் பை மழையோடு ஏரிக்கு வந்து, பெயர் தெரியாத ஒருவருடைய சல்லடையில் ஒட்டிக்கொள்கிறது. வலீமா விருந்து முடிந்த இரவில் கால்வாய் ஓரம் குவியும் தட்டுகளைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள 10ஆம் நூற்றாண்டுப் பராந்தக சோழன் கல்வெட்டு, ஏரி வாரியத்துக்கு உறுப்பினர்களைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கிறது. ஏரியைக் காப்பது ஊர்ப் பொறுப்பு என்பதில் அன்றே இங்கு ஐயம் இருந்ததில்லை.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு ஞாயிறன்று எங்கள் ஜமாஅத்தாரும் பக்கத்துத் தெருக்காரர்களும் சேர்ந்து வரத்துக்கால்வாயில் இறங்க இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். வருவோர் ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் அரிவாளும் சாக்குப்பையும் எடுத்து வரவும். மண்வெட்டிகள் பள்ளிவாசலில் இருக்கின்றன.