ஸ்டீயரிங் எண்ணெயும் பாகூர் ஏரியும்

பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய லாரியை ஓட்டிய யாரிடமாவது கேட்டுப் பாருங்க. முதலில் தோளைத்தான் காட்டுவாங்க. 1920களில் அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ கம்பெனியின் லாரிப் பிரிவில் வேலை பார்த்த பிரான்சிஸ் டேவிஸ் என்ற இன்ஜினியருக்கும் அந்தப் பிரச்சினைதான் கண்ணில் பட்டது. எண்ணெய் அழுத்தத்தை வைத்து சக்கரத்தைத் திருப்பலாம் என்று 1926-இல் ஒரு காரில் செய்து காட்டினார். ஆனால் கடையில் வாங்கக்கூடிய காரில் அது வர 1951 ஆச்சு. கிரைஸ்லர் இம்பீரியல்தான் அந்தக் கார்.

எங்க அப்பாவுக்கும் தோள்தான் பிரச்சினை. அவர் விவசாயி, பாகூர் ஏரிப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கு. வீட்டில் 2010 மாடல் டீசல் கார் ஒண்ணு நிக்குது. ராத்திரியில் ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லைன்னா அந்தக் கார்தான் ஜிப்மருக்குப் போகும். போன வருஷம் அப்பாவுக்கு வலது தோள் இறுகிப்போச்சு, கையைத் தலைக்கு மேல தூக்க முடியலை. அதே நேரத்தில் காரின் ஸ்டீயரிங்கும் கனமாக ஆரம்பிச்சுது. "ரோட்டுல ஓடும்போது தெரியல பாப்பா, சந்துல திருப்பறப்பதான் உயிர் போவுது"ன்னு சொன்னார்.

இந்த இடத்தில் நம்ம ஊர் உதாரணம் ஒண்ணு சொல்றேன். வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேர் பார்த்திருப்பீங்க. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பாராம். இன்னைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து இழுக்கிறார். இழுக்க அவ்வளவு பேர் இருந்தாலும், தேர் எந்தப் பக்கம் போகணும்னு தீர்மானிப்பது சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுறவங்கதான். பலம் ஒரு இடத்திலிருந்து வருது, திசை இன்னொரு இடத்திலிருந்து வருது. பவர் ஸ்டீயரிங்கிலும் அப்படித்தான். நாம ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது உள்ளே ஒரு மெல்லிய கம்பி லேசா முறுக்கும். அந்த முறுக்கு ஒரு வால்வைத் திறக்கும். இன்ஜின் பெல்ட்டில் ஓடும் பம்ப் அந்த வழியா எண்ணெயை அழுத்தி அனுப்ப, ரேக்கில் இருக்கும் பிஸ்டன் சக்கரத்தைத் தள்ளும். நம்ம கை திசையை மட்டும் சொல்லுது.

அந்த எண்ணெய் வருஷக்கணக்கா சூடாகி, சீல் தேய்ந்த தூளும் இரும்புத் தூளும் சேர்ந்து கெட்டுப்போகும். எங்க காருக்குரிய ஏடிஎஃப் எண்ணெய் புதுசில் ரோஸ்மில்க் எசன்ஸ் மாதிரி சிவப்பா இருக்கும். எங்க டப்பாவில் இருந்தது கடுங்காப்பி நிறம். ஆனால் ஸ்டீயரிங் கனமானா எண்ணெய்தான் காரணம்னு உடனே முடிவு பண்ணக் கூடாது. முதலில் டயர் காற்றையும் பெல்ட் தளர்வையும் பார்க்கணும். இரண்டும் எங்களுக்குச் சரியா இருந்தது. குழாய்களிலும் கசிவு இல்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் வீட்டு வாசலிலேயே எண்ணெயை மாத்தினோம்.

வேலை பெரிசா ஒண்ணும் இல்லை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தக் கூடாது. டப்பாவில் இருந்த எண்ணெயைப் பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தோம். டப்பாவுக்கு இரண்டு குழாய் வரும். அதில் அழுத்தம் குறைவான ரிட்டர்ன் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டோம். டப்பாவில் அது மாட்டியிருந்த ஓட்டையை அடைத்துவிட்டோம். அப்பா உட்கார்ந்து, இன்ஜினைப் போடாமலே, ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவா திருப்பினார். நான் மேலே புது எண்ணெய் ஊத்திக்கிட்டே இருந்தேன். கடைசியா இன்ஜினை இரண்டிரண்டு செகண்டு மட்டும் போட்டு அணைத்தோம். டப்பா காலியானால் பம்ப் காற்றை இழுத்துக்கும், எண்ணெய் இல்லாமல் ஓடினால் பம்ப் தேயும். அதனால் என் கண்ணு டப்பாவை விட்டு நகரலை.

குழாயிலிருந்து சிவப்பா வர ஆரம்பிச்சதும் திரும்ப மாட்டினோம். அப்புறம் இன்ஜினை ஓட விட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் பலமுறை திருப்பி உள்ளே இருந்த காற்றை வெளியேத்தினோம். கோடியில் கொண்டுபோய் அப்படியே அழுத்திப் பிடிக்கக் கூடாது, அங்கேதான் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். எந்த எண்ணெய் ஊத்தணும்னு டப்பா மூடியில் இல்லைன்னா மேனுவலில் எழுதியிருக்கும். பிரேக் ஆயில் மட்டும் ஊத்திடாதீங்க, சீல் எல்லாம் ஊதிப்போய் கெட்டுடும்.

பாட்டிலில் ஒண்ணரை லிட்டர் பழைய எண்ணெய் சேர்ந்திருந்தது. அப்பதான் ஆயா வந்தாங்க.

"அத்த இப்டிக் குடு, கொட்டாய்க் காலு கரையான் அரிக்குது, ஊத்தி வுடறேன்."

எங்க பக்கம் இது புதுசில்லை. டிராக்டர் ஆயில், பைக் ஆயில் எல்லாம் கடைசியில் வேலிக் காலுக்கும் கொட்டாய்க் காலுக்கும்தான் போகும். நான் வேணாம்னு சொன்னதும் ஆயாவுக்குக் கோபம். "உங்க தாத்தா காலத்துலேர்ந்து ஊத்தறோம், எவன் செத்தான்?"

எனக்குச் சட்டென்று பதில் வரலை. ஆயா சொன்னதில் பொய் இல்லை, யாரும் சாகவில்லைதான். கொட்டாயைப் பார்த்தேன். அதிலிருந்து பத்தடியில் போர் இருக்கு, அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறோம். கொட்டாய்க்குப் பின்னாலேயே வாய்க்கால். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியா பாகூர் ஏரிக்குத் தண்ணி வருது. புதுச்சேரியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி அது. பாகூரை நெற்களஞ்சியம்னு சொல்றாங்கன்னா இந்தத் தண்ணியால்தான். மழை பெய்தால் கொட்டாயைச் சுத்தி ஊத்தின எண்ணெய் அங்கேயே நிக்காது.

"ஆயா, இந்த எண்ணெய் மக்காது. இதுல இரும்புத் தூள் இருக்கு. மழையில வாய்க்காலுக்குப் போனா நம்ம வயலுக்குத்தான் வரும்"னு சொன்னேன்.

ஆயா அப்பாவைப் பார்த்தாங்க. அப்பா தோளைத் தடவிக்கிட்டே கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "வேணாம்மா, நான் காலுக்கு அடியில சிமெண்ட் கட்டை கட்டித் தரேன்"னார். ஆயா முணுமுணுத்துக்கிட்டே உள்ளே போனாங்க. இரண்டு நாள் என்கிட்ட சரியாப் பேசலை.

பழைய எண்ணெய் நம்ம நாட்டுச் சட்டப்படி அபாயகரமான கழிவு. 2016-ஆம் வருஷத்து விதிகள்படி அது அனுமதி வாங்கின மறுசுழற்சிக்காரங்ககிட்டத்தான் போய்ச் சேரணும். நம்ம மாதிரி வீட்டில் மாத்துறவங்களுக்கு நடைமுறையில் இருக்கும் வழி, பழைய ஆயிலை டிரம்மில் சேர்த்து விற்கும் ஒர்க்‌ஷாப்தான். கடலூர் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன், "கொண்டாம்மா"ன்னு வாங்கிக்கிட்டாங்க. காசு கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாச் சொன்னாங்க: தண்ணியோ பெட்ரோலோ கலந்துடக் கூடாது, கலந்தா திரும்பச் சுத்திகரிக்கிறது கஷ்டம்.

இப்ப வர்ற கார்களில் பெரும்பாலும் எலெக்ட்ரிக் ஸ்டீயரிங். மோட்டார்தான் திருப்புது, எண்ணெயே கிடையாது. நம்ம படிச்ச பாஸ்கல் விதியை வீட்டு வாசலில் கையால் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு இன்னும் கொஞ்ச வருஷம்தான். உங்க வீட்டில் பழைய கார் இருந்தால் லீவுக்குப் போகும்போது பானெட்டைத் திறந்து அந்தச் சின்ன டப்பாவின் மூடியைக் கழற்றிப் பாருங்க. கறுப்பா இருந்தால் மாத்துங்க. ஆனா மாத்தறதுக்கு முன்னாடியே ஒரு காலி கேனையும், அதை வாங்கிக்கிற ஒர்க்‌ஷாப் எதுன்னும் தேடி வெச்சுக்குங்க.

அப்பா தோள் இன்னும் முழுசாச் சரியாகலை, பிசியோதெரபி போய்க்கிட்டு இருக்கார். ஆனா போன மாசம் ராத்திரி ஒரு மணிக்குப் பக்கத்துத் தெரு அக்காவைப் பிரசவத்துக்குக் கூட்டிப் போனப்ப, சந்து முனையில் ஒரே திருப்பில் வண்டியை வளைச்சார். நான் பின்சீட்டில் இருந்தேன்.