தெரிந்தும் முடியாமை

விளையாட்டு என்பது வெல்வதற்கே உரியது. வெல்லவிடாத விளையாட்டை யார்தாம் விரும்புவர்? இப்படித்தான் நானும் எண்ணியிருந்தேன். ஆயினும், ஆடுபவரைத் தடுப்பதையே நோக்கமாகக் கொண்ட ஒரு கணினி விளையாட்டு, இத்தனை ஆண்டு ஆசிரியத் தொழில் கற்பிக்காத பாடமொன்றை எனக்குக் கற்பித்தது.

கல்முனைப் பகுதிக் கல்லூரியொன்றில் நான் படிப்பிக்கிறேன். மருதமுனையைச் சேர்ந்த மாணவன் ஒருவன், உயர்தர வகுப்பிலே முன்வரிசையில் இருந்தவன், சென்ற ஆண்டு மெல்ல மெல்ல வகுப்புக்கு வருவதை நிறுத்தினான். அவன் வீட்டுக்குச் சென்றேன். பட்டப்பகலில் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான். அயல்வீட்டில் கைத்தறி ஓடும் ஒலி கேட்டது.

"தம்பி, அந்தத் தறியின் ஒலியைக் கேள். உழைத்தால் எல்லாம் சரிவரும். எழுந்து குளித்துவிட்டுப் புத்தகத்தை எடு" என்றேன்.

"எனக்கும் தெரியும் சேர். ஆனா ஏலாமக் கிடக்கு" என்றான்.

கதவோரம் நின்ற அவனுடைய உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சோம்பலுக்கு இப்படியும் ஒரு சாட்டா என்று எண்ணியபடி நான் திரும்பிவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து அவன் தோழன் என்னிடம் வந்தான். "சேர், இத ஒருக்கா விளையாடிப் பாருங்க" என்று தன் கணினியை என் முன்னே வைத்தான். 2013 ஆம் ஆண்டில் வெளியான 'டிப்ரெஷன் குவெஸ்ட்' என்னும் விளையாட்டு அது. சண்டையில்லை, ஓட்டமில்லை. மனச்சோர்வு நோயுற்ற ஒருவரின் அன்றாட வாழ்வை வாசித்து, அடுத்துச் செய்வது யாதென நாமே தெரிவுசெய்ய வேண்டும். மிகச் சிறந்த வழி முதலிலேயே எழுதப்பட்டிருக்கும். ஆனால் அதன்மேல் ஒரு கோடு! வாசிக்கலாம், தெரிவுசெய்ய முடியாது. நோய் முற்ற முற்ற இன்னும் பல வழிகள் அடிபட்டுப் போகின்றன. மனத்தைத் திறந்து பேசி, சிகிச்சையை நாடினால் சில வழிகள் மீள்கின்றன.

அந்த வரியை நான் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தேன். எரிச்சல் மேலிட்டது. அப்பொழுதுதான் "தெரியும், ஆனா ஏலாது" என்ற குரல் என் காதில் மீண்டும் ஒலித்தது. நான் சொன்ன அறிவுரை முழுவதும் அவன் முன்னே ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. கோடு மட்டும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

2017 இல் இங்கிலாந்தின் நிஞ்ஞா தியரி நிறுவனம் வெளியிட்ட 'ஹெல்பிளேட்' என்பதும் இவ்வகையினதே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் போல் பிளெச்சரிடமும், உளநோயை அனுபவித்தவர்களிடமும் கேட்டறிந்து அதனை ஆக்கினர். கதைத் தலைவி செனுவாவின் காதில் கேட்கும் குரல்கள் ஆடுபவரையும் சூழ்ந்து ஏளனம் செய்கின்றன. தோற்குந்தோறும் அவள் கையில் கருமை படரும். அது தலையை எட்டினால் ஆடியதெல்லாம் அழியும் என்று விளையாட்டே எச்சரிக்கிறது. உண்மையில் அப்படி அழிவதில்லை. ஆனால் ஆடுபவரின் அச்சம் மெய்யானது.

விளையாட்டு நோயாகாது. நான் சலித்தபோது கணினியை மூடிவிட்டுத் தேநீர் அருந்தினேன். நோயாளியால் அப்படி எழுந்து போக முடியுமா? 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கியபோது பிள்ளைகளைப் பறிகொடுத்தோரிடம் இக்கரையிலே "மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்று எத்தனை முறை எளிதாகக் கூறியிருப்போம்!

மறுபடியும் அவன் வீட்டுக்குப் போனேன். படிப்பைப்பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. நெடுநேரம் அருகில் இருந்தபின், "டொக்டரிடம் போவோமா? நானும் கூட வருகிறேன்" என்று மட்டும் கேட்டேன். மூன்றாம் முறை கேட்டபோது தலையசைத்தான்.

அவன் இன்னும் முன்வரிசைக்குத் திரும்பவில்லை. ஆனால் சென்ற வாரம் தானாகவே முற்றத்தில் வந்து அமர்ந்திருந்தானாம். உம்மா மகிழ்ச்சியோடு சொன்னார். அடிபட்டுக் கிடந்த ஒரு வரி மீண்டுவிட்டது.

உங்கள் வீட்டிலும் "ஏலாது" என்று ஒருவர் சொல்லக்கூடும். அறிவுரைக்கு முன், அந்தச் சொல்லை நம்புங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தையும் நினைவில் வையுங்கள்.