ஈயப் புகையும் ஓர் ஒப்பந்தமும்

வடசென்னையில் சலேசியத் துறவியர் நடத்தும் தொழிற்பள்ளி அது. எலக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவுக்குள் நுழைந்ததும் ரோசின் எரியும் வாசனை. நீள மேசைகளில் பையன்கள் தலை கவிழ்ந்திருந்தார்கள். பத்தாவது முடித்து வருகிறவர்களுக்கு இரண்டாண்டுப் படிப்பு.

"ஈயத்தை சால்டரிங் அயர்ன்ல உருக்கித் தடவாதே தம்பி. பாகத்தோட காலையும் போர்டுத் தடத்தையும் முதல்ல சூடாக்கு. ஈயம் தானா ஓடி வரும்" என்றார் மாஸ்டர்.

தொழிலின் உயிரே அதில்தான் இருக்கிறது. சூடேறாத தடத்தில் ஈயம் ஒட்டாமல் உருண்டு நிற்கும். டிரை சால்டர் என்பார்கள். இன்று பாடும் ரேடியோ நாளை கரகரக்கும். வெள்ளீயமும் காரீயமும் கலந்த பழைய ஈயம் 183 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். நன்றாகப் பிடித்தால் பளபளக்கும். இன்றைய செல்போன் போர்டுகளில் காரீயம் இல்லை. அந்தக் கலவை உருக 217 டிகிரியாவது வேண்டும், சரியாகப் பிடித்தாலும் மங்கலாகத்தான் தெரியும். "பளபளப்பைப் பார்த்தே பழகின கண்ணு சார். நாங்களும் புதுசா கத்துக்கிட்டோம்" என்றார் மாஸ்டர். இப்போது பூதக்கண்ணாடியும் மீட்டரும் சொன்னால்தான் நம்புகிறார்கள்.

ஓர மேசையில் இருந்த பையன் இங்கே சேர்வதற்கு முன் ஒரு சர்வீஸ் கடையில் இருந்தவன். "டீ வாங்கியாரச் சொல்வாங்க, கடை கூட்டச் சொல்வாங்க. அயர்னைத் தொடவே விடல சார்."

நான் இங்கு வந்ததற்குக் காரணமான ஒப்பந்தம் உடனே நினைவுக்கு வந்தது. இத்தாலியின் டூரின் நகரில், 1852 பிப்ரவரி 8 அன்று, ஜுசெப்பே ஒதாஸோ என்ற சிறுவனைத் தச்சரிடம் சேர்த்தபோது எழுதியது. பின்னாளில் சலேசிய சபையை நிறுவிய தொன் போஸ்கோவும் அதில் ஒரு தரப்பு. பையனுக்குத் தொழில் சார்ந்த வேலை மட்டுமே தர வேண்டும். தவறு செய்தால் சொல்லித் திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது. கூலியும் ஆண்டு விடுப்பும் உண்டு. பிள்ளைகளை வெளிப்பட்டறைகளுக்கு அனுப்பிப் பார்த்த தொன் போஸ்கோ, 1853இல் அந்நகரின் வால்டோக்கோ பகுதியில் தம் இல்லத்திலேயே செருப்புத் தைக்கவும் துணி தைக்கவும் பட்டறை தொடங்கினார். புத்தகக் கட்டுமானம், தச்சு, அச்சு, இரும்பு வேலை எல்லாம் பின்னால் வந்தன.

ஜார்ஜ் தொமாத்திஸ் அடிகளார் தலைமையில் சலேசியர்கள் இந்தியாவில் முதலில் வந்து தங்கியது நம் தஞ்சாவூரில், 1906இல். பிறகு சலேசியப் பட்டறைகளிலும் காலத்துக்கேற்பத் தொழில்கள் மாறின. சென்னையில் 1975இல் தொலைக்காட்சி வந்தது. ரேடியோ பழுது பார்த்தவர்கள் டிவிக்குப் போனார்கள், அடுத்து செல்போனுக்கு. இந்தச் சபையின் பட்டறைகளில் உழைத்தவர்களில் குருப்பட்டம் பெறாத துறவியரான அருள்சகோதரர்களும் உண்டு. அவர்களில் பலருடைய பெயர் வெளியே தெரியாதது எனக்கு வருத்தம்தான்.

நம் நாட்டின் 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டமும் எழுத்து ஒப்பந்தத்தையும் உதவித்தொகையையும் கேட்கிறது. தெருமுனைக் கடைகள் பலவற்றில் இரண்டும் இல்லை. பிள்ளையைத் தொழிலுக்கு அனுப்பும் பெற்றோரே, என்ன கற்றுத் தருவீர்கள், எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.