நீர்த்தாரை

எங்கள் தகப்பனார் குளச்சல் கடற்புறத்தில் தொழில் செய்த நாளில், விடியுமுன் இருட்டிலேயே வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போகும்போது, ஒரு கை எஞ்சின் பிடியில் இருக்க, மற்றொரு கையைப் பின்னால் நீட்டி, எஞ்சினின் சிறு துவாரத்திலிருந்து பீச்சிக்கொண்டிருக்கும் மெல்லிய நீர்த்தாரையில் நொடிக்கொருதரம் நனைத்துக்கொள்வார். சிறுவனாயிருந்த நான் அதனைக் கடலுக்குச் செய்யும் ஏதோவொரு வந்தனம் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன்.

அதன் உண்மையான அர்த்தம், அவர் காலமாகிப் பல வருஷங்களுக்குப் பின், அதே எஞ்சின் பழுதுபட்ட ஒரு சந்தர்ப்பத்தில்தான் எனக்கு விளங்கிற்று. பள்ளிக்கூட உத்தியோகத்திற்குப் போய்விட்ட எனக்குக் கடல் கைவிட்டுப்போயிற்று. தம்பிதான் தகப்பனாரின் வள்ளத்தையும், பெட்ரோலில் கிளம்பிச் சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடும் அந்தப் பழைய 9.9 குதிரைத்திறன் எஞ்சினையும் காப்பாற்றி வருகிறான். ஒரு நாள் திரும்பும் வழியில் அவனும் வழக்கம்போல் கையை நீட்டியிருக்கிறான். தாரை விட்டுவிட்டு வந்ததோடு விரல் பொறுக்காத சூடாகவும் இருந்ததால், அந்தக் கணமே எஞ்சினை நிறுத்திவிட்டு, துடுப்பு வலித்தே கரை சேர்ந்தான். இன்னும் கால் மைல் ஓட்டியிருந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப்போயிருக்கும் என்பது பின்னால் தெரிந்தது.

எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு வெளியேறும் நீரே அந்தத் தாரை. அதற்கு மூலமாகிய பம்ப், நீருக்குள் மூழ்கியிருக்கும் எஞ்சினின் காலுக்குள், கண்ணுக்குத் தென்படாத ஸ்தானத்தில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு ரப்பர் சக்கரம். அதற்கு ஆறு இதழ்கள். இம்பெல்லர் என்று பெயர். அது சுழலும் கூடு சரியான மையத்தில் அமையாமல் சற்றே ஒருபுறமாக ஒதுங்கியிருப்பதால், இதழ்கள் ஒரு பக்கம் மடங்கியும் மறுபக்கம் விரிந்தும் ஓடுகின்றன. விரியும் இடத்தில் நீர் உறிஞ்சப்படுகிறது, மடங்கும் இடத்தில் அது மேலே தள்ளப்படுகிறது. வேகம் மிகும்போது இதழ்கள் நன்றாக விரியமாட்டாமல், சுழற்சியின் விசையாலேயே நீரை வீசியெறிகின்றன. இவ்வளவு சூக்ஷ்மமான காரியத்தை இவ்வளவு எளிய பொருளால் சாதித்த புத்தியை நான் இன்றும் வியக்கிறேன்.

இவ்வகை எஞ்சினோ எங்கள் கடலை நினைத்துப் பிறந்ததல்ல. 1909-ஆம் ஆண்டில், நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தொழில் நடத்திய ஓலே எவின்ரூட் என்பவர், ஒன்றரைக் குதிரைத்திறனுள்ள தம் படகு எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் மனத்தில் இருந்தவை துடுப்புப் படகுகள் உலாவும் அமைதியான ஏரிகள். எங்கள் எஞ்சினுக்கோ, அலை உடையும் இடத்தில் மணலும் நீரும் ஒன்றாய்க் கலங்கிக் கிடக்க, அதனூடேதான் தினந்தோறும் கரையேறவேண்டியிருக்கிறது. அந்த மணல் பம்பின் கூட்டையும் இதழ்களின் விளிம்பையும் அரம்போல் அராவிவிடுகிறது. ஆனி, ஆடியில் கடல் கொந்தளித்து வள்ளம் கரையிலேயே கிடக்கும்போது, மடங்கிய இதழ்கள் மடங்கியபடியே விறைத்துப்போகின்றன. இவை போதாவென்று, ஓடுகிறதா பார்ப்போம் என்று கரையில் வைத்தே நீரில்லாமல் கிளப்புகிறவர்களும் உண்டு. நீரே அந்த ரப்பருக்கு எண்ணெயாகவும் இருப்பதால், சில விநாடிகளில் அது கருகிவிடும். இதைச் செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு மெய்யாகவே மனம் நோகும்.

தகப்பனாரின் தோழரும் நாங்கள் மாமா என்றே அழைப்பவருமான ஒரு வயோதிக மெக்கானிக்கின் மேற்பார்வையில் நாங்கள் காலைக் கழற்றினோம். உப்பு ஏறி அலுமினியத்தோடு ஒன்றாகிப்போன எஃகு போல்ட்டுகளைச் சூடுகாட்டி, எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாய் அசைத்து எடுப்பதற்கே முக்கால் பகல் சென்றது. கூட்டைத் திறந்து, பழைய இம்பெல்லரை வெளியே எடுத்து, வாங்கி வைத்திருந்த புதியதை நான் கையிலெடுத்தபோது, மாமா தடுத்தார்.

"பொறு மக்கா. பழசுல இதழ் எத்தனை இருக்கு, எண்ணிப் பாரு."

ஐந்துதான் இருந்தன. ஆறாவது அடியோடு அறுந்துபோயிருந்தது. அது நீரோடு மேலே போய் எங்கேனும் அடைத்துக்கொண்டிருக்கும். அதைக் கண்டெடுக்காமல் புதியதை மாட்டுவது வேலையே ஆகாது என்பது அவர் அபிப்பிராயம். நீர்க்குழாயை ஊதிப் பார்த்தோம், அங்கே இல்லை. கடைசியில் தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்தபோது, உப்புப் படிவத்தின் நடுவே, நகத்துண்டு அளவில் அந்தக் கறுப்பு ரப்பர் அமர்ந்திருந்தது. மாமா அதைத் துடைத்து, பழைய சக்கரத்தின் அறுந்த இடத்தில் பொருத்திப் பார்த்து, துண்டும் இடமும் ஒத்துப்போன பிறகே புதியதை மாட்ட உத்தரவு தந்தார்.

அதன்பின் எல்லாம் விரைவாக முடிந்தது: தண்டை வலஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே கூட்டை இறக்கினோம், இதழ்கள் உரிய பக்கம் மடங்கின, நீர்க்குழாய் தன் ரப்பர் வளையத்திற்குள் நேராக இறங்கியதா என்று மாமா விளக்கைப் பிடித்து இருமுறை பார்த்தார்.

பீப்பாய் நிறையத் தண்ணீர் ஊற்றி எஞ்சினை இறக்கிக் கிளப்பினோம். முதலில் புகை, பிறகு இருமல் போன்ற ஓசை, அதன்பின் சீறிக்கொண்டு தாரை வந்தது. தம்பி கை நீட்டவில்லை, மாமாவும் நீட்டவில்லை, அவர் என் கையைப் பற்றி அந்தத் தாரைக்குள் வைத்தார். பீப்பாய் நீரின் குளிர்ச்சி மெல்ல மெல்ல வெதுவெதுப்பாயிற்று. நெடுநேரம் வைத்திருந்தும் அந்த வெதுவெதுப்பு அதற்குமேல் ஏறவில்லை.